எங்கள் கடமைக்கும் ஒரு பதிவேடு கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைக்கும், சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லாத வீட்டுக்கு மூத்த மகன். ஓர் ஆணை நேசிக்கிறேன். அவனும் நானும் என் அம்மாவும் ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்கிறோம். இந்த மடலில் என் பெயரைப் போடவில்லை. அவனுடைய அக்கா மகளுக்கு இப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களால் அந்தப் பெண்ணின் காரியம் எதுவும் தட்டிப்போய்விடக் கூடாது. அதனால் அவனை 'அவன்' என்றே எழுதுகிறேன்.

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உங்கள் துறையிடம் ஒன்றைப் பரிசீலிக்கச் சொன்னார். எங்களைப் போன்ற இருவர், நாங்கள் ஒரு குடும்பமாக வாழ்கிறோம் என்று ஒப்பந்தப் பத்திரம் எழுதி, அதைப் பதிவு செய்துகொள்ள ஒரு வழிமுறை. எங்களுக்கான கொள்கையை வகுக்கும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள் என்றார். அதைத் திருமணம் என்று அவர் சொல்லவில்லை. யாருடைய தொந்தரவும் இல்லாமல் இருவர் சேர்ந்து வாழ ஒரு காகிதப் பாதுகாப்பு, அவ்வளவுதான். அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் வழி எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அந்த வழியைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களைப் பற்றிப் பொதுவில் பேசும்போதெல்லாம் சுதந்திரம், விருப்பம், தனிமனித உரிமை என்றே பேச்சு போகிறது. பேசுகிறவர்கள் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். ஆனால் கேட்கிறவர்களுக்கு, குடும்பத்தை உதறிவிட்டுத் தன் சுகத்தைத் தேடிப் போகிறவர்கள் இவர்கள் என்று தோன்றிவிடுகிறது. நான் அறிந்த வாழ்க்கை இதற்கு நேர் எதிரானது. கல்யாணம் செய்துகொள்ளாத மகன்மேல்தான் வீடு நிற்கிறது. தங்கையின் படிப்பு, அவளுடைய கல்யாணம், வளைகாப்பு, அப்பாவின் கடைசி மூன்று ஆண்டு மருத்துவச் செலவு, அம்மாவின் சர்க்கரை மாத்திரை, ஊரில் ஓட்டு வீட்டின் மராமத்து. யாரும் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. "அவனுக்கென்ன, பெண்டாட்டி பிள்ளையா?" என்று ஒருவர் சொல்வார், அது தீர்ப்பாகிவிடும். தம்பிக்குக் குடும்பம் இருக்கிறது, தங்கைக்குப் புகுந்த வீடு இருக்கிறது. இரவில் அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கினால் எழுந்து போய்க் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பது நான்தான். இதைப் பாரமாக நான் நினைத்ததில்லை. செய்யக் கிடைத்ததே என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இத்தனை பேருக்கு நான் செய்வதையெல்லாம் கடமை என்று பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளும் இதே சமூகமும் இதே சட்டமும், ஒரே ஒருவனுக்கு நான் செய்வதை மட்டும் எந்தக் கணக்கிலும் எழுத மறுக்கின்றன.

அவன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். வீட்டில் கடைக்குட்டி. ஆனாலும் அண்ணன் வாங்கிய கடனுக்குப் பாதிப் பொறுப்பு அவன் தலையில்தான். தனியார் பள்ளி ஒன்றில் வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். விடுமுறை நாள்களில் யார் கூப்பிட்டாலும் மரபு நடைக்குப் போய், கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டை வாசித்துக் காட்டுவான். அப்படி ஒரு நடைக்கு ஆலை நண்பர்களோடு நானும் போயிருந்தேன். மற்றவர்கள் சிற்பங்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவன் சுவரின் அடிப்பகுதியில் குந்தி உட்கார்ந்து, விரலால் எழுத்தைத் தடவித் தடவி, எழுத்துக் கூட்டும் குழந்தையைப் போல வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்காமலேயே, "இது 'க'ங்க, இங்க பாருங்க, புள்ளி வைக்க மாட்டாங்க" என்றான். அன்றைக்கு முழுக்க அவன் பக்கத்திலேயே நடந்தேன்.

பெரிய கோயிலில் அவன் வாசித்துக் காட்டிய ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். விளக்கு எரிக்கக் கொடுத்த கொடை பற்றியது. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு. அதை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படிக் கொடுத்த ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு. "ஆடும் சாகும், மேய்க்கிறவரும் போய்ச் சேருவார், குடுத்த மகராசனும் போவான். ஆனா கணக்கு குறையாம அடுத்தவன் பாத்துக்கணும். அதுக்குத்தான் கல்லுல வெட்டுறது" என்று விளக்கினான். அன்பிலோ பக்தியிலோ ஒருவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு, அவர் கண் மூடிய பிறகும் மதிக்கப்பட வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். ஊரும் அதிகாரியும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணின் நிர்வாகத்துக்கு இது தெரிந்திருந்தது. எங்களுக்குக் கல் வேண்டாம். முத்திரைத்தாள் போதும்.

அவனுக்கு ஒரு கனவு உண்டு. கல்வெட்டியலை முறையாகப் படித்து முனைவர் பட்டம் வாங்க வேண்டும், அழிந்துகொண்டிருக்கும் சிறுகோயில் கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்க வேண்டும். பல வருஷம் அதைப் பற்றிப் பேசாமலே இருந்தான். பள்ளிச் சம்பளம் நின்றால் அண்ணன் கடனுக்கு மாதத் தவணை யார் கட்டுவது? "அக்கா பொண்ணு கல்யாணம் முடியட்டும்டா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பான். எங்கள் ஆள்களின் கனவுகள் எல்லாமே இப்படி யாரோ ஒருவரின் கல்யாணம் முடியக் காத்திருக்கின்றன. ஒரு நாள் அவன் அலமாரியில் விண்ணப்பத்தைப் பார்த்தேன். நிரப்பி, கையெழுத்துப் போட்டு, அனுப்பாமல் வைத்திருந்தான். தேதி பழையது. அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கணக்கு என் தொழில், அதில் எனக்குக் குழப்பம் இல்லை. தவணையை நான் கட்டுகிறேன், நீ படி என்றேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய், அம்மாவுக்கு மறுநாள் காலை கொடுக்க வேண்டிய மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டுவிட்டு வந்து படுத்தான். எங்கள் வீட்டில் நன்றி சொல்வது இந்த மாதிரிதான்.

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. மனைவிக்குக் கணவன் எத்தனை லட்சம் கொடுத்தாலும் வருமான வரியில் அது அன்பளிப்பாக விலக்குப் பெறும். உறவு என்று சட்டம் ஒப்புக்கொள்ளாத ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால், ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டியதும் அந்தத் தொகை முழுவதும் வாங்கியவரின் வருமானமாகிவிடும். என் சம்பளத்துக்கு நான் வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணத்தில் அவன் வீட்டுக் கடனை அடைக்க உதவினால், அது அவனுக்கு வந்த வருமானம். வருங்கால வைப்பு நிதியும் அப்படியே. என்னைச் சார்ந்து வாழும் தாய் இருக்கும்வரை வேறு யாரை நியமனதாரராக எழுதினாலும் அது செல்லாது. அம்மாவுக்குப் போக வேண்டியது அம்மாவுக்குப் போகட்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் பெயரையும் ஒரு பங்குக்குச் சேர்க்க முடியவில்லை என்பதுதான் வருத்தம். உயில் எழுதாமல் நான் இறந்தால், 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தூரத்துப் பங்காளிக்குக்கூட உரிமை உண்டு, அவனுக்கு இல்லை. ஒரு வாரிசும் இல்லையென்றால் சொத்து அரசாங்கத்துக்குப் போகும். அப்போதும் அவனுக்கு இல்லை. இவற்றில் பலவும் மத்திய அரசின் கையில் இருப்பவை என்று எனக்குத் தெரியும். உங்கள் கையில் இருப்பதற்குப் பிறகு வருகிறேன்.

கல்யாணப் பேச்சு எங்கள் வீட்டிலும் வந்தது. தரகர் வந்தார், ஜாதகம் வந்தது, ஒரு பெண்ணின் புகைப்படமும் வந்தது. எம்.காம். படித்த பெண், கண்ணில் நல்ல தெளிவு. அந்தப் படத்தைப் பார்த்த இரவில்தான் அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். குடும்ப மானத்துக்காகக் கல்யாணம் செய்துகொண்ட எங்களைப் போன்றவர்களை நான் அறிவேன். கடமை என்று நினைத்துத்தான் செய்தார்கள். அந்தக் கடமையின் விலையைக் கொடுத்தவர்கள் ஒன்றும் அறியாமல் கழுத்தை நீட்டிய பெண்கள். தன்னிடம்தான் ஏதோ குறை என்று நம்பிக்கொண்டு, ஆண்டுக்கணக்காகக் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டு, மாமியார் வாயில் 'மலடி' என்று பேச்சு வாங்கிக்கொண்டு வாழும் பெண்கள். மகளிர் உரிமை என்ற பெயரைத் தாங்கிய துறை நீங்கள். எங்களைப் போன்ற ஆண்கள் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல வழியிருந்தால், அந்தப் பெண்கள் காப்பாற்றப்படுவார்கள். இந்தக் கோரிக்கையில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

அம்மா அழவில்லை, திட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். நான்கைந்து நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எனக்கப்புறம் உனக்கு யாரு கண்ணு இருக்கா?"

சாதி, சாமி, சொந்தபந்தம், ஊர் வாய் என்று பெற்றோர்கள் ஆயிரம் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தன் பிள்ளை முதுமையில் தனியாகக் கிடப்பானோ என்ற பயம். அம்மாவுக்கு நான் பதில் சொல்லத் தேவைப்படவில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு வேளை தவறாமல் அவருக்குச் சொட்டு மருந்து விட்டவன் அவன். முதலில் 'உன் சிநேகிதன்' என்றவர், பிறகு 'அந்தத் தம்பி' என்றார். இப்போது இரண்டு பேரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுகிறார். யாரைக் கூப்பிட்டார் என்று தெரியாமல் இரண்டு பேரும் எழுந்து போவோம். அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அரசின் ஏடுகளில்தான் அந்தப் பதில் இல்லை.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், 1860 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இருந்த 377 ஆம் பிரிவு எங்களைக் குற்றவாளிகளாக்கியதை நீக்கினார்கள். அன்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா, வரலாறு இந்தச் சமூகத்தினரிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். அதே வரியில் அவர்களுடைய குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டார். என் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். அதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது அம்மா, "அந்தம்மா நல்லா இருக்கட்டும்" என்றார்.

இனி மருத்துவமனையில் நடந்தது. ஓர் இரவு அவனுக்கு வண்டி விபத்து. வயிற்றில் உள்காயம், அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். தனியார் மருத்துவமனை. படிவத்தில் 'உறவுமுறை' என்ற இடத்தில் நண்பர் என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது? கையெழுத்துப் போட ரத்த சொந்தம் யாராவது வேண்டும் என்றார்கள். அண்ணனுக்கு ஃபோன் செய்து, அவர் பஸ் பிடித்து வந்து சேரும்போது விடிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தான கட்டத்தை மருந்து கொடுத்துத் தள்ளிவைத்திருந்தார்கள், அது அவர்களுடைய நல்ல மனசு. அண்ணன் வந்ததும் பேனாவை அவர் கையில் கொடுத்தார்கள். "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்று கேட்டார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று நான் சொன்னேன். முன்பு எப்போது, என்ன ஆனது, எந்த மருந்துக் கடைக்காரர் கண்டுபிடித்தார் என்பதையும் நான்தான் சொன்னேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இரவெல்லாம் நின்றுகொண்டே பயணம் செய்து வந்த மனிதர். ஆனால் அந்த இரவு முழுக்க அவனைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவன் அறுவை அரங்க வாசலில், ஒன்றும் செய்ய அதிகாரம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

பிறகு சட்டப் புத்தகங்களைப் புரட்டியபோது ஒன்றைக் கண்டேன். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 14 ஆம் பிரிவு. வயதுக்கு வந்த எவரும் தனக்கு மனநோய் வந்தால் தன் சார்பில் பேச, தனக்கு நம்பிக்கையான யாரையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி நியமித்துக்கொள்ளலாம். ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மனசு உடைந்தால் அவனுக்காக நான் பேசலாம், வயிறு கிழிந்தால் பேசக் கூடாது. உறுப்பு மாற்றுச் சட்டத்திலும் ஒரு கதவு இருக்கிறது. நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர் அன்பு அல்லது பற்றின் காரணமாக உறுப்பு கொடுக்க முன்வந்தால், அனுமதிக் குழு விசாரித்து ஒப்புதல் தரலாம். ஆக, ரத்தம் சாராத அன்பு என்று ஒன்று உண்டு, அதை விசாரித்து உறுதிசெய்ய முடியும், ஏட்டில் ஏற்ற முடியும் என்பது நம் சட்டத்துக்கு ஏற்கெனவே தெரியும்.

திருமணச் சமத்துவ வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், திருமணம் அடிப்படை உரிமை ஆகாது, இது சட்டம் இயற்றும் அவைகள் முடிவு செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. அன்று எங்கள் வீட்டில் இரண்டு வேளை அடுப்பு எரியவில்லை. ஆனால் அவை முடிவு செய்யட்டும் என்று நீதிமன்றம் சொல்லும்போது, தமிழ்நாட்டில் வாழும் நான் வேறு எந்த அவையைப் பார்ப்பேன்? 1967ல் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கிய அவை இது.

என் தாத்தா பாட்டியின் கல்யாணம் சுயமரியாதைக் கல்யாணம். அய்யர் இல்லை, ஓமம் இல்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள், உறவுகள் வாழ்த்தினார்கள், முடிந்தது. 1928ல் சுக்கிலநத்தத்தில் பெரியார் தொடங்கி வைத்த முறை. 1953ல் சென்னை உயர் நீதிமன்றம் தெய்வானை ஆச்சி வழக்கில் இப்படி நடக்கும் திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. என் அம்மா பிறந்தபோது, சட்டத்தின் கண்ணில் அவருடைய பெற்றோர் கணவன் மனைவி கிடையாது. நாற்பது ஆண்டு காலம் அப்படி ஆயிரமாயிரம் குடும்பங்கள் உழுதார்கள், உழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், ஒருவரை ஒருவர் அடக்கம் செய்தார்கள். அண்ணா முதலமைச்சரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நண்பர்கள் உறவினர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் திருமணம் திருமணமே என்றார்கள். அதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே நடந்தவையும் செல்லும் என்று பின்னோக்கியும் சேர்த்து எழுதினார்கள். குடும்பங்கள் முன்பே இருந்தன. அரசு போய் அவற்றைப் பார்த்து, இருக்கின்றன என்று எழுதிக்கொண்டது. கலாச்சாரம் கெட்டுப்போகும் என்று அன்றைக்கும் சொன்னார்கள். தாத்தா பாட்டி அறுபது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

இந்த மாநிலம் எங்கள் விஷயத்தில் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2008ல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு. 2021 ஜூன் 7 அன்று, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் கேட்ட இரு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளிப்பதற்கு முன், தனக்கு இதில் புரிதல் போதாது என்று வெளிப்படையாக எழுதி, உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 2022ல் காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, எங்களைத் துன்புறுத்துவது விதிமீறல் என்று அரசு சேர்த்தது. 2025 மே மாதம், பெற்ற வீட்டாரால் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை விடுவித்த வழக்கில், நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை என்று எழுதினார்கள். தாமாகத் தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது. வருவாய்த் துறையும் பதிவுத் துறையும் மருத்துவத் துறையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

மத்திய அரசும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2024ல் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைத்தார்கள். அதே ஆண்டு, எங்களைப் போன்றவர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நியமனதாரராக்கவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். ரேஷன் அட்டையில் துணைவரை ஒரே குடும்பமாகக் கருதும்படி மாநிலங்களுக்கு எழுதினார்கள். நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலைப் பெற்றுக்கொள்ளத் துணைக்கு அனுமதி என்றும் கடிதம் போனது. உறவினர் இல்லாதபோதுதான் என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத்தான் போகும். தாலுகா அலுவலகத்தின் வட்ட வழங்கல் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்பதுதான். அந்த ஆதாரத்தைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

பத்திரப் பதிவுக்கு ஒரு படிவம், ஒரு கட்டணம், இரண்டு சாட்சிகள் என்று ஓர் அரசாணை போடுங்கள். அதைக் காட்டினால் அரசு மருத்துவமனையிலும், மாநிலத்தின் மருத்துவ நிறுவன ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்ட தனியார் மருத்துவமனையிலும் கையெழுத்துப் போடவும் உள்ளே இருக்கவும் அனுமதி என்று சுகாதாரத் துறையோடு பேசி ஆணையிடுங்கள். ரேஷன் அட்டையில் உறவுமுறைப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள். மாநில அரசு ஊழியர்களின் நியமனதாரர் விதிகள் உங்கள் கையில் இருப்பவை, அங்கேயும் ஒரு வரி. ஒருவர் இறந்தால், கொள்ளி வைப்பதற்கு மற்றவர் யாரிடமும் கெஞ்சி நிற்காதபடி செய்யுங்கள். இதில் பிறந்த வீட்டாரின் உரிமை எதையும் பறிக்கச் சொல்லவில்லை. என் அம்மாவுக்கும் தங்கைக்கும் உரியது அப்படியே இருக்கட்டும். அவர்களோடு சேர்த்து அவனையும் எழுதிக்கொள்ளுங்கள் என்கிறேன். ஒப்பந்தம் என்றால் பொறுப்பும் உண்டு. அவன் நோயில் விழுந்தால் நான் விட்டுவிட்டுப் போக முடியாதபடி என்னையும் கட்டுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன்.

அவன் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதிக்கொண்டிருக்கிறான். பட்டம் கிடைத்ததும் தஞ்சைப் பக்கமே வேலை கிடைக்கலாம். அம்மாவை இந்த வயதில் ஊர் மாற்ற முடியாது, என்னால் ஆலையை விடவும் முடியாது. சில ஆண்டுகள் இரண்டு ஊரில் இருக்க நேரலாம். மற்றக் குடும்பங்கள் வேலைக்காகப் பிரிந்திருப்பது போலத்தான். ஆனால் மற்றவர்களுக்கு, ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மற்றவருக்குத்தான் முதலில் ஃபோன் போகும். எங்களுக்கு அந்த நிச்சயம் இல்லை. அவன் படிப்பை முடிக்கும் நாளை நான் ஆசையோடும் பயத்தோடும் எதிர்பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தை மட்டும் எடுத்துவிட உங்களால் முடியும்.

கொள்கை வரைவு பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவதானால், எங்கள் அமைப்புகளை மட்டும் கூப்பிடாமல் பெற்றோர்களையும் கூப்பிடுங்கள். முன் பதிவு, அடையாள அட்டை என்று கெடுபிடி இல்லாமல், பெயர் சொல்லாமல் பேச ஒரு வழி வையுங்கள். வர நினைப்பவர்கள் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம். என் அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூட்டு வலிக்காரர், கூட்டம் மாடியில் இல்லாமல் தரைத்தளத்தில் நடந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கோவைப் பகுதியிலிருந்து ஒரு மகன், ஒருவனின் துணை